திருத்திய நிலநடுக்கம்

மேடம் அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தேன். அறுக்கும் மெஷின் ஓடும்போது பக்கத்தில் பேசுவது பாதிதான் கேட்கும். கதவோரம் நின்று யாரிடமோ போனில் பேசிய மேடம், "ரெக்கார்டை அப்படியே போட்டா நமக்குச் சரிவராது சார், திருத்தித்தான் போடணும்" என்றது மட்டும் முழுசாகக் கேட்டது. மெஷினை நிறுத்தினேன். பாதி அறுபட்ட கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில், பேராசிரியையான இந்த மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. நான் படித்தது ஐந்தாவது வரை. பெருக்குவது, கல் அறுப்பது, கலவை போடுவது, சுவருக்குத் தண்ணீர் விடுவது, கருவிகளைத் துடைத்து வைப்பது என்று எது சொன்னாலும் செய்வேன். பேசுவது மட்டும் வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட எச்சில் விழுங்கிவிட்டுத்தான் சொல்வேன்.

ஆய்வுக்கூடத்தின் நடுவில் ஒரு இரும்பு மேசை உண்டு. டேபிள் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஒரு கட்டிலைவிட இரண்டு பங்கு அகலம். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஒரு உருளை பக்கத்திலிருந்து தள்ளி இழுக்க, அது முன்னும் பின்னும் ஆடும். எங்கோ நடந்த நிலநடுக்கத்தில் தரை எப்படி ஆடியது என்று கருவிகள் பதிந்து வைத்திருக்கும். ரெக்கார்டு என்பது அதுதான். அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டால் டேபிளும் அதே மாதிரி ஆடும். அதன்மேல் ஒரு சின்னக் கட்டடத்தை வைத்து, தாங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

அந்த வருஷம் பார்க்க இருந்தது ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையை. கனகம்மாசத்திரம் போகிற வழியில், ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. பழைய செங்கல் கட்டடம். சுவரில் விரிசல் ஓடுகிறது என்று பெற்றோர் சொன்னதால் மேடம் போய்ப் பார்த்தார். அப்படிப்பட்ட பழைய கட்டடங்களைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சியும். அந்த அறையை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, அதே மாதிரிச் சூளைக் கல்லைச் சின்னதாக அறுத்து, நானும் ஒரு கொத்தனாரும் டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தட்டின்மேல் கட்டினோம். கதவு, ஜன்னல் எல்லாம் உண்டு. கூரையின் பாரத்துக்கு இரும்புக் கட்டிகள். பிறகு கிரேனில் தூக்கி டேபிள்மேல் வைப்பார்கள். அது தாங்கினால், விரிசலைப் பூசிவிட்டு வகுப்பு அங்கேயே நடக்கலாம் என்று மேடம் அறிக்கை கொடுப்பார். தாங்காவிட்டால் பிள்ளைகளை வெளியே கொண்டுவர வேண்டும்.

அந்தப் பள்ளியில் என் மனைவி சத்துணவு சமையலர். சமையலறைக்கும் வகுப்பறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலையிலிருந்து மத்தியானம் வரை அவள் அந்தச் சுவரை ஒட்டித்தான் நிற்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அறுபது பிள்ளைகள்.

திருத்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு முன்பு அரக்கோணம் பக்கம் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் இருந்தேன். தொட்டிப் பாலின் சூட்டை மணிக்கு ஒரு தரம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் குளிரூட்டும் மெஷின் நின்றுபோய், நாலு டிகிரியில் நிற்க வேண்டிய எண் ஒன்பதுக்கு ஏறிவிட்டது. ஒன்பது என்றே எழுதினேன். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். "இன்னாத்துக்குப்பா பேஜாரு, அத்த திருத்தி நாலுன்னு போடு" என்று வெள்ளை மையை அவரே எடுத்துக் கொடுத்தார். பூசி, வாயால் ஊதிக் காயவைத்து, மேலே நாலு என்று எழுதினேன். பால் கெட்டுப்போனது. விசாரிக்க வந்தவர்கள், இது யார் கையெழுத்து என்ற ஒன்றைத்தான் கேட்டார்கள். நான் தலை குனிந்தேன். மேற்பார்வையாளர் அங்கேயே வேலையில் இருந்தார். நான் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் டீக்கடைப் பக்கம் போனால், "ந்தோ ரெக்கார்டு வர்றாரு" என்று யாராவது சொல்வார்கள். சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அதனால் மேடத்தின் வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை. சுவருக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம், இது நிற்குமா என்பதைவிட, இது நிற்கிற மாதிரிச் செய்துவிடுவார்களோ என்றுதான் நினைத்தேன்.

சுவர் இறுகிக்கொண்டிருந்த நாட்களில் வெறும் டேபிளை ஓட்டிப் பார்த்தார்கள். தரையில் டேபிளின் ஓரத்துக்கு நேராக நான் ஒரு சாக்பீஸ் கோடு போடுவேன். டேபிள் அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். கையில் ஒரு ஸ்டாப்வாட்சும் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தானே கணக்கு எடுத்துக்கொள்ளும் என்றாலும் கண்ணாலும் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பது மேடத்தின் பழக்கம்.

முதல் நாள், வந்த பதிவை வந்தபடியே போட்டார்கள். வடக்கே, தூரத்தில், ஒரு ஆற்றுச் சமவெளியில் எடுத்த பதிவு. நாற்பது விநாடி ஓடியது. டேபிள் ஒரு சாண் தூரம் போய், நின்று யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, திரும்பி வந்தது. தேர் அசைகிற மாதிரி அசைந்தது.

மறுநாள் திருத்திய பதிவைப் போட்டார்கள். ஸ்டாப்வாட்சில் இருபத்து மூன்று விநாடி. டேபிள் கோட்டைவிட்டு ஒரு விரல்கூட நகரவில்லை. நின்ற இடத்தில் நின்று நடுங்கிவிட்டு ஓய்ந்தது. நான் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தேன். அது சரியாகத்தான் ஓடியது.

எங்களோடு ஒரு டெக்னீஷியன் இருந்தார். நகரிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். மச்சான் முறை எதுவும் இல்லாவிட்டாலும் என்னைப் பாவா என்று கூப்பிடுவார். நான் அவரிடம் மட்டும் கொஞ்சம் பேசுவேன். நேற்று நாற்பது, இன்று இருபத்து மூன்றா என்று கேட்டேன். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே, "ஊரு பேருலயே திருத்து இருக்குது பாவா. இங்க வந்த நெலநடுக்கம் திருந்தாம போவுமா?" என்றார். அவருக்கு அது நல்ல வேடிக்கை. அன்று முழுக்க எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நேரத்தில் பாதியைக் காணோம். ஆட்டத்தில் முக்கால்வாசியைக் காணோம். மிச்சம் இருப்பதில் எந்தச் சுவர்தான் விழும்?

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் லாக் புக்கில் ஒரு வரி எழுதுவார்கள். தேதி, பதிவின் பெயர், விநாடி, ஓட்டியவர். கடைசிக் கட்டம் பார்த்தவர் கையெழுத்து. அது என் கட்டம். திருத்திய பதிவின் பெயருக்குப் பக்கத்தில் மேடம் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதியிருந்தார். டெக்னீஷியனிடம் கேட்டேன். திருத்தினது என்றுதான் போட்டிருக்கிறது என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் மேலும் மூன்று ஓட்டம். மூன்றுக்கும் நான் கையெழுத்துப் போடவில்லை. மேடம் கவனித்துவிட்டு, நாலு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று சாதாரணமாகத்தான் சொன்னார். கையில் எண்ணெய் இருக்கிறது, கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். கழுவப் போனவன் பின்பக்கமாகப் போய் மணல் சலித்துக்கொண்டிருந்தேன். மேடத்திடமே நேராகக் கேட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். ஐந்தாவது படித்தவன், முனைவர் பட்டம் வாங்கியவரிடம் போய், நீங்கள் கள்ளக் கணக்கு எழுதுகிறீர்களா என்று எப்படிக் கேட்பது? கேட்டால் வேலை போகும். கேட்காவிட்டால் என் மனைவி அந்தச் சுவருக்குக் கீழே நிற்பாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். பாதி உருவியதும் சொல்லிவிட்டேன். நாற்பது விநாடியையும் சொன்னேன், இருபத்து மூன்றையும் சொன்னேன். ஒரு மாதம் உடம்பு சரியில்லை என்று லீவு போடச் சொன்னேன்.

அவள் கீரையிலிருந்து தலையை எடுக்காமலே, "நான் லீவு போட்டா செவுரும் லீவு போட்டுடுமா?" என்றாள்.

நான் கையிலிருந்த கொத்தையே உருவிக்கொண்டிருந்தேன்.

"அறுபது பசங்க இருக்குதுங்கய்யா. என்னை மட்டும் வெளிய இழுத்துக்கினா ஆச்சா?"

யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். அவள் ஆங் என்றாள். அவள் ஆங் சொன்னால் கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம், சம்மதம் என்று அர்த்தம் இல்லை. இருபது வருஷமாகத் தெரிந்தும் அன்று அதை நம்பினேன். மறுநாள் முட்டை போடும் நாள். முட்டை வேகும் நேரத்தில் சமையல் உதவியாளர் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். ஓடு உரித்து முடிப்பதற்குள், பிள்ளைகளைக் கூப்பிட வந்த தாய்மார்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காலேஜில் ரெக்கார்டைத் திருத்திக் கட்டடத்தைப் பாஸ் பண்ணப் போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இரண்டு பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தலைமையாசிரியை மேடத்துக்குப் போன் செய்து, இது என்ன புதுப் பிரச்சினை என்று கேட்டிருக்கிறார்.

மேடம் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. சின்ன வகுப்பறையை டேபிள்மேல் ஏற்றிச் சோதிக்க இருந்த நாளன்று பெற்றோரை வரச்சொல்லிவிட்டார். அந்த நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் விசாரணை, மறுபடியும் யார் என்ற கேள்வி. இந்தத் தடவை நான் எதையும் எழுதக்கூட இல்லை, ஆனாலும் என் பெயர்தான் வரும்.

காலை பத்தரைக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் வந்தார்கள். நாலு ஆண்கள், ஒரு தாய். கடைசியாக என் மனைவி இறங்கினாள். சாம்பாரைக் கொதிக்க வைத்து, உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்து நின்றாள். நான் டேபிளுக்கு அந்தப் பக்கம், தூணை ஒட்டி நின்றுகொண்டேன்.

மேடம் வணக்கம் சொல்லிவிட்டு, என்ன கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டார். ஆண்கள் நாலு பேரும் சின்னக் கட்டடத்தையே பார்த்தார்கள். என் மனைவிதான் பேசினாள்.

"எங்க வூட்டுக்காரரு சொன்னாருங்க. நாப்பது விநாடி ஆட வேண்டியத இருபத்து மூணா ஆக்கிட்டீங்கன்னு."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். டெக்னீஷியனும் பார்த்தார். தூண் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஆமாங்க, ஆக்கியிருக்கோம்" என்றார் மேடம்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. என் மனைவி விடவில்லை. "சரிங்க. கூட்டித் திருத்தினீங்களா, கொறைச்சுத் திருத்தினீங்களா? அத்த சொல்லுங்க."

எனக்கு இத்தனை நாள் அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. திருத்துவது என்றால் குறைப்பது என்றே நினைத்திருந்தேன். ஒன்பதை நாலாக்கியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

"ரெண்டும்தாங்க" என்றார் மேடம். பிறகு என் பக்கம் கையை நீட்டி, சாவிக்கொத்தைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கழுத்திலிருந்த அடையாள அட்டை நாடாவைக் கழற்றி, அதன் முனையில் சாவிக்கொத்தைக் கட்டினார். நாடாவை முழு நீளத்துக்குப் பிடித்து ஆட்டிவிட்டார். கொத்து நிதானமாகப் போய் வந்தது. பிறகு நாடாவைச் சுருட்டிக் குட்டையாகப் பிடித்து ஆட்டினார். கொத்து சுறுசுறுவென்று ஆடியது. பெரிய ஊஞ்சலும் சின்ன ஊஞ்சலும் போலத்தான் கட்டடமும் என்றார். நிஜ வகுப்பறை ஒருமுறை ஆடிவரும் நேரம் இந்தச் சின்ன அறைக்குத் தேவையில்லை, இது அதைவிட வேகமாக ஆடும். அதனால் நிலநடுக்கத்தையும் அதே அளவுக்கு வேகமாக்கினால்தான் பெரிய அறைக்கு விழும் அடி சின்ன அறைக்கும் விழும். நாற்பதில் ஒரு உதையைக்கூட வெட்டவில்லை, எல்லா உதையும் இருபத்து மூன்றுக்குள் அடங்கியிருக்கிறது என்றார்.

அது எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு சாண் ஆட்டம் ஒரு விரலானது எப்படி? கேட்க வாய் வரவில்லை. அதை அந்தத் தாய் கேட்டார். ஆட்டத்தையே கம்மி பண்ணிவிட்டதாகவும் சொல்கிறார்களே என்றார்.

பதிவு எடுத்த இடத்தில் ஆழமான ஆற்று மண் என்றார் மேடம். அங்கே தரை மெதுவாக, அகலமாக ஆடும். நம் பக்கம் கொஞ்சம் தோண்டினால் பாறை. இங்கே நிலம் நடுங்கினால் அப்படி ஆடாது. சின்னதாக, வேகமாக உதறும். அதனால் மெதுவான ஆட்டத்தைக் குறைத்து, வேகமான உதறலைக் கூட்டியிருக்கிறோம் என்றார்.

"அப்போ நிஜமா வர்றது இப்படித்தான் வருமுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியாதுங்க. வராமலே போகலாம். வந்தா இதைவிட வேற மாதிரி இருக்கலாம். அதனாலதான் ஒண்ணோட விடாம, இன்னும் பல பதிவை இதே மாதிரி திருத்தி கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்திருக்கேன்."

தெரியாது என்று அவர் சொன்னதும் என் பயம் குறையவில்லை. ஆனால் அதன் முகம் மாறிவிட்டது. பால் நிலையத்தில் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை.

முதலில் திருத்தாத ஆட்டத்தையே காட்டுகிறேன் என்றார் மேடம். நேரத்தையும் தூரத்தையும் மட்டும் சின்ன அறையின் அளவுக்குச் சுருக்கி, மற்றதெல்லாம் ஆற்றங்கரையில் ஆடியபடியே போட்டார்கள். நான் கோட்டுக்குப் பக்கத்தில் குந்தினேன். டேபிள் நாலு விரல் அளவுக்குப் போய்ப் போய் வந்தது. பெற்றோர் பின்னால் நகர்ந்தார்கள். நான் அறுத்த கற்களும், நான் தண்ணீர் விட்ட சுவரும், இரும்புப் பாரமும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, படகில் வைத்த பெட்டி மாதிரிப் போய் வந்தன. ஓய்ந்தபோது ஒரு கீறல் இல்லை. ஒருவர் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு பெரிய ஆட்டத்தையே தாங்கிவிட்டது. இனி அந்த ஒரு விரல் நடுக்கம் என்ன செய்துவிடும்?

அடுத்தது திருத்தியது. டெக்னீஷியன் பொத்தானை அழுத்தினார். டேபிள் நின்ற இடத்திலேயே வெடவெடவென்று உதறியது. தரை வழியாக என் முட்டிக்கு அது ஏறியது. என் மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் பிறந்தது அம்மையார்குப்பத்தில். வீட்டுக்குள்ளேயே நாலு விசைத்தறி ஓடுகிற இடத்தில் வளர்ந்தவள்.

"இது தறி ஆட்டம்யா" என்றாள், என்னிடம் சொல்கிற மாதிரி. "லாரி போனா வூடு ஆடும், ஒண்ணும் ஆவாது. தறி ஆட்டந்தான் செவுத்தப் பொளக்கும்."

அவள் சொல்லி முடிக்கவில்லை. கதவின் மேல்மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பிச் சாய்வாக மேலே ஓடியது. புழுதி எழுந்தது. ஸ்டாப்வாட்சில் பதினொன்று. கதவுக்கு மேலிருந்த கற்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன, யாரோ உள்ளேயிருந்து தள்ளுகிற மாதிரி. பதினாலில் அந்த இடம் சரிந்தது. அடுத்த ஒரு விநாடியில் பக்கச் சுவர் மூலையைவிட்டுப் பிரிந்து வெளியே சாய்ந்தது. டேபிள் இருபத்து மூன்று வரை உதறிவிட்டுத்தான் நின்றது. ஒரு சின்னக் கல் உருண்டு வந்து என் சாக்பீஸ் கோட்டின்மேல் நின்றது.

ஒருவர், அது சின்னச் சுவர்தானே என்றார். அதே கல், அதே கலவை, அதே மாதிரி, சுவர்களைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் பெல்ட் கான்கிரீட் இல்லாத சுவர் என்றார் மேடம். திருத்தாமல் விட்டிருந்தால் கட்டடம் பாஸ் ஆகியிருக்கும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அவர் லாக் புக்கை எடுத்துக்கொண்டு தூணுக்கு வந்தார். என்னிடமே கேட்டிருக்கலாமே அண்ணா என்றார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஒன்பதையும் நாலையும் வெள்ளை மையையும் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். அவர் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வந்த பதிவின் பெயர் ஒரு வரியில், திருத்தியதன் பெயர் அதற்குக் கீழே, என்ன மாற்றினோம், யார் மாற்றியது, எதற்காக என்று பக்கத்தில் நெருக்கி எழுதியிருந்தது.

"திருத்தினா பழசு மறையக் கூடாதுண்ணா. பக்கத்துலயே இருக்கணும். இங்க வெள்ளை மை கிடையாது."

விட்டுப்போன நாலு கட்டத்திலும், அன்றைய இரண்டிலும் என் பெயரை எழுதினேன். ஒரு எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. நான் முடிப்பதற்குள் என் மனைவி தோளைத் தட்டினாள். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பன்னிரண்டு ஆகப் போகிறது. பன்னிரண்டரைக்குப் பள்ளியில் மணி அடிக்கும். அறுபது பிள்ளைகளும் அந்த அறையில்தான் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

மேடம் போனை எடுத்து தலைமையாசிரியையைக் கூப்பிட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. என் மனைவி அதற்குள் வாசலில் இருந்தாள். போகட்டுமா என்று மேடத்திடம் கேட்காமலே நானும் ஓடினேன். வேலை நேரத்தில் கேட்காமல் வெளியே போனது அதுதான் முதல் தடவை.

ஷேர் ஆட்டோவில் ஆறு பேரும் நானும். திருத்தணி மேம்பாலத்தில் கிருத்திகைக் கூட்டம், காவடிகள், வேன்கள். ஆட்டோ ஊர்ந்தது. எத்தனையோ வருஷமாக நின்ற சுவர் இன்னும் இருபது நிமிஷம் நிற்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே, நிலம் எப்போது நடுங்கும் என்று மேடத்துக்கே தெரியாதே என்றும் தோன்றியது. பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்றுதான் ஓடியது.

போய் இறங்கும்போது மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கையில் தட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை வராந்தாவில் நின்றிருந்தார். நடந்ததைப் பெற்றோர் ஆளுக்கொரு வார்த்தையாகச் சொன்னார்கள். அவர் முகம் வெளுத்தது. ஆனால் மேலே இருந்து எழுத்தில் உத்தரவு வராமல் கட்டடத்தைக் காலி செய்ய முடியாது, நாளைக்குக் கேள்வி வந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொல்வதும் எனக்குப் புரிந்தது. கையெழுத்துக்குப் பயப்படுகிறவரை எனக்குத் தெரியாதா?

என் மனைவி வாதாடவில்லை. சமையலறைக்குள் போனாள். சோற்று அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, வா என்று தலையசைத்தாள். நான் மறுகாதைப் பிடித்தேன். கை சுட்டது. இருவரும் வராந்தாவைத் தாண்டி, தலைமையாசிரியையைத் தாண்டி, மைதானத்தின் நடுவில், கொடிக்கம்பத்துக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்தோம். திரும்பிப் போய்ச் சாம்பாரையும் தூக்கி வந்தோம்.

"டீச்சர், லெட்டர் வரும்போது வரட்டும்" என்றாள். "சோறு வெளிய இருக்குது."

பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோறு போன பக்கம் எழுந்து வந்தார்கள். வெயிலில் மண்ணின்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒன்றிரண்டு பேர் கால் சுடுகிறது என்று சிணுங்கினார்கள். நான் கதவருகே நின்று எண்ணினேன். ஐம்பத்தெட்டு வந்தது. இரண்டு பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் உள்ளே ஓடி, பெஞ்சுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்துவிட்டேன். கதவுக்கு மேலே, மூலையில், பூச்சுக்குள் அதே சாய்வில் ஒரு பழைய கோடு இருந்தது. நிமிர்ந்து பார்த்தது ஒரு நொடிதான்.

வெளியே வந்தபோது தலைமையாசிரியை செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் மனைவிக்குப் பக்கத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை வகுப்பு மைதானத்திலேயே நடந்தது. மறுநாள் முதல் சமுதாயக் கூடத்தில் நடந்தது. உத்தரவு எழுத்தில் வர மேலும் ஒன்பது நாளானது. அந்த ஒன்பது நாளும் நான் வேலைக்குப் போகும் முன் பள்ளிப் பக்கம் ஒரு நடை போய், கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.